கொக்குகளுக்கு வழி காட்டிய விமானம் – விலங்கு நடத்தையியலும் வன உயிர்ப் பாதுகாப்பும்

அழிந்துகொண்டிருக்கும் ஒரு பறவை இனத்தைக் காப்பாற்ற என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் பொதுவாக மூன்று பதில்கள் கிடைக்கும். வேட்டையைத் தடுக்க வேண்டும். அது வாழும் இடத்தைப் பாதுகாக்க வேண்டும். இவை போதாவிட்டால் சில பறவைகளைப் பிடித்து வைத்து இனப்பெருக்கம் செய்து மீண்டும் வெளியே விட வேண்டும். மூன்றும் சரியான பதில்களே. ஆனால் வட அமெரிக்காவில் ஒரே ஒரு கொக்கு இனத்தைக் காப்பதற்காக அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவரும் முயற்சி, இந்தப் பட்டியலில் நான்காவதாக ஒன்று சேர்க்கப்பட வேண்டும் என்பதைக் காட்டியிருக்கிறது. அந்தப் பறவை எதை, யாரிடமிருந்து, எந்தப் பருவத்தில் கற்றுக்கொள்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் வளர்த்து வெளியே விட்டால், உடலால் கொக்காகவும் பழக்கத்தால் வேறெதுவோவாகவும் ஒரு பறவை நமக்குக் கிடைக்கும்.

விலங்குகளின் நடத்தையை ஆராயும் துறைக்கு நடத்தையியல் என்று பெயர். வன உயிர்ப் பாதுகாப்பில் அது எங்கே பயன்பட்டது, எங்கே தோற்றது என்பதை இந்தக் கொக்கின் வரலாற்றை வைத்துப் பார்ப்போம்.

எந்தக் கொக்கு?

ஆங்கிலத்தில் ஹூப்பிங் கிரேன் என்று அழைக்கப்படும் இப்பறவையைத் தமிழில் கூவும் கொக்கு என்று சொல்லலாம். நம் ஊர் வயல்களில் மாட்டின் பின்னால் நடந்து பூச்சி பொறுக்கும் கொக்கு இதன் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. நம் ஊர்க் கொக்கு கழுத்தை மடக்கிக்கொண்டு பறக்கும். கூவும் கொக்கு கழுத்தை நேராக நீட்டிப் பறக்கும். வட இந்திய வயல்வெளிகளில் இணையாகத் திரியும் சாரஸ் கொக்கு இதன் குடும்பத்தைச் சேர்ந்தது.

கூவும் கொக்கு சுமார் 1.5 மீட்டர் உயரம் வளரும். வட அமெரிக்கப் பறவைகளிலேயே உயரமானது இதுதான். உடல் முழுவதும் வெண்மை, இறக்கை நுனி கறுப்பு, உச்சந்தலை சிவப்பு. அதன் குரல் சதுப்பு நிலத்தில் வெகுதூரம் கேட்கும். பொதுவாக ஒரே இணையுடன் வாழும். பெண் பறவை பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இடும். ஆனால் வழக்கமாக ஒரு குஞ்சுதான் வளர்ந்து பறக்கும் நிலையை எட்டும். அந்தக் குஞ்சு முதல் இலையுதிர்காலத்தில் தாய் தந்தையுடன் சேர்ந்து தெற்கே பறந்து, குளிர்காலம் முழுவதையும் அவற்றுடனேயே கழிக்கும். வசந்தத்தில்தான் தனித்துப் போகும். இந்தச் சில மாதங்கள்தான் இந்தக் கட்டுரையின் மையம். அந்த மாதங்களில் குஞ்சு என்னவெல்லாம் கற்றது என்பதை மனிதர்கள் ஒவ்வொன்றாகவே கண்டுபிடித்தார்கள்; பெரும்பாலும் தோல்விகளின் வழியாக.

21 பறவைகள்

சதுப்பு நிலங்கள் வடிக்கப்பட்டு விளைநிலங்களாயின. வேட்டைக்காரர்கள் சுட்டார்கள். சேகரிப்பாளர்கள் முட்டைகளை எடுத்தார்கள். 1941ஆம் ஆண்டில் உலகத்தில் மிஞ்சியிருந்த கூவும் கொக்குகள் 21 அல்லது 22 மட்டுமே. அவற்றில் சில லூசியானா மாநிலத்தில் இடம்பெயராமல் ஆண்டு முழுவதும் வாழ்ந்தவை. 1950ஆம் ஆண்டில் அந்தக் கூட்டத்தின் கடைசிப் பறவையும் பிடிக்கப்பட்டு, அங்கே அந்த இனம் இல்லாமல் போயிற்று. மற்றவை டெக்சாஸ் கடற்கரையில் உள்ள அரன்சாஸ் சரணாலயத்தில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வசந்தத்தில் வடக்கே பறந்து செல்பவை. எங்கே செல்கின்றன என்பது அப்போது யாருக்கும் தெரியாது. 1954இல் கனடாவின் உட் பஃபலோ தேசியப் பூங்காவில் காட்டுத்தீயை அணைக்கச் சென்ற ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் கீழே சதுப்பில் வெள்ளைப் பறவைகளைக் கண்டார்கள். அரன்சாஸிலிருந்து சுமார் 4000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது அந்த இடம்.

உலகில் மிஞ்சிய காட்டுக் கொக்குகள் எல்லாம் ஒரே வழித்தடத்தில் பறப்பதும் ஒரே கடற்கரையில் தங்குவதும் ஆபத்தானது. ஒரு புயலோ, கடலில் ஓர் எண்ணெய்க் கசிவோ, ஒரு தொற்றுநோயோ போதும். ஆகவே வேறு இடங்களில் புதிய கூட்டங்களை உருவாக்க வேண்டும் என்ற முடிவுக்கு விஞ்ஞானிகள் வந்தனர். இரண்டு முட்டைகளில் ஒன்றுதான் பெரும்பாலும் குஞ்சாகி வளர்கிறது என்பதால், ஒரு முட்டையை எடுத்தால் பெற்றோருக்கு இழப்பில்லை. 1967ஆம் ஆண்டு முதல் உட் பஃபலோவிலிருந்து முட்டைகள் எடுக்கப்பட்டு, மேரிலாந்து மாநிலத்தின் பட்டக்சென்ட் ஆய்வு மையத்தில் பொரிக்கப்பட்டன. முட்டை பொரிப்பதும் குஞ்சு வளர்ப்பதும் கைவந்தன. ஆனால் அந்தக் குஞ்சுகளுக்குக் கொக்காக வாழக் கற்றுத்தருவது யார் என்ற கேள்வி அப்படியே நின்றது.

முதற்பதிவு

ஆஸ்திரிய நடத்தையியலாளர் கொன்ராட் லோரன்ஸ் 1935இல் எழுதிய ஆய்வு இங்கே அடிப்படையானது. முட்டையிலிருந்து வெளிவந்த வாத்துக் குஞ்சு, தன் கண்முன் முதலில் நடமாடும் பெரிய உருவத்தைத் தாயாக ஏற்றுக்கொள்கிறது. அந்த உருவம் லோரன்ஸாக இருந்தால் அவர் பின்னாலேயே நடக்கிறது. இதை முதற்பதிவு என்று சொல்லலாம். இது குறிப்பிட்ட ஒரு குறுகிய காலத்தில் நடந்துவிடும். பின்பு எளிதில் மாறாது. இதில் வேறொன்றும் உண்டு. யாரைத் தாயென்று பதித்துக்கொண்டதோ, பருவம் வந்ததும் அந்த உருவத்தை ஒத்ததையே சில பறவைகள் இணையாகவும் தேடும். இத்தகைய ஆய்வுகளுக்காக லோரன்ஸ், நிக்கோ டின்பெர்கன், கார்ல் வான் ஃபிரிஷ் ஆகிய மூவருக்கும் 1973ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்தச் செய்தி பாடநூல்களில் ஒரு சுவையான நிகழ்வாகவே இடம்பெறும். கொக்குகளின் விஷயத்தில் அது ஓர் இனத்தின் தலையெழுத்தைத் தீர்மானிப்பதாக இருந்தது.

வளர்ப்புத் தாயும் வழிதவறிய பிள்ளைகளும்

1975இல் ஐடஹோ மாநிலத்தின் கிரேஸ் ஏரியில் ஒரு பெரிய சோதனை தொடங்கியது. அங்கே சாண்ட்ஹில் கொக்கு என்னும் நெருங்கிய உறவினம் ஏராளமாகக் கூடு கட்டுகிறது. கூவும் கொக்கின் முட்டைகளைச் சாண்ட்ஹில் கொக்கின் கூடுகளில் வைத்தார்கள். குயில் முட்டையைக் காகம் அடைகாப்பதை அறிந்த நமக்கு இந்த யோசனை புதிதாகத் தோன்றாது. வளர்ப்புப் பெற்றோர் குஞ்சுகளை நன்றாகவே வளர்த்தன. இரை தேடவும், நியூ மெக்சிகோவுக்கு இடம்பெயரவும் கற்றுக்கொடுத்தன. மொத்தம் 289 முட்டைகள் வைக்கப்பட்டன. 85 குஞ்சுகள் பறக்கும் நிலையை எட்டின. 1985 வாக்கில் 33 பறவைகள் வரை இருந்தன.

ஆனால் பருவம் வந்தபோது ஒரு கூவும் கொக்கு மற்றொரு கூவும் கொக்குடன் இணை சேரவே இல்லை. அவை தம்மைச் சாண்ட்ஹில் கொக்குகளாகவே கருதின. 1992இல் ஒரு கூவும் கொக்கு சாண்ட்ஹில் கொக்குடன் சேர்ந்து ஒரு கலப்பினக் குஞ்சு பிறந்ததுதான் கண்ட பலன். அதற்கு முன்பே, 1989இல், முட்டை வைப்பதை நிறுத்திவிட்டார்கள். 2002ஆம் ஆண்டுக்குள் அந்தக் கூட்டத்தின் கடைசிப் பறவையும் மறைந்தது.

குயில் குஞ்சு காகத்தால் வளர்க்கப்பட்டாலும் குயிலையே இணையாகத் தேடுகிறது. பரிணாமம் அதற்கு அந்த அறிவைப் பிறவியிலேயே கொடுத்திருக்கிறது. கொக்குக்கு அப்படி ஒரு தேவை ஏற்பட்டதே இல்லை. கொக்கின் தாய் எப்போதும் கொக்காகவே இருந்து வந்திருக்கிறது. எது பிறவியறிவு, எது கற்றறிவு என்பது இனத்துக்கு இனம் மாறுகிறது. ஓர் இனத்தில் கண்டதை வைத்து மற்றோர் இனத்தைப் பற்றி முடிவுசெய்ய முடியாது என்பது கிரேஸ் ஏரி தந்த பாடம்.

டெக்ஸ் ஆடிய நடனம்

முதற்பதிவின் மற்றொரு பக்கத்தை டெக்ஸ் என்னும் பெண் கொக்கு காட்டியது. 1967இல் டெக்சாஸின் சான் அன்டோனியோ மிருகக்காட்சி சாலையில் பிறந்த அது, மனிதர் கையில் வளர்ந்தது. அதனால் மனிதர்களையே தன் இனமாக ஏற்றுக்கொண்டது. ஆண் கொக்குகளை அது திரும்பிப் பார்க்கவில்லை. கூவும் கொக்குகள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த காலத்தில், ஒரு பெண் பறவையின் மரபணுக்கள் வீணாவது பெரிய இழப்பு.

கனடாவில் பிறந்த பறவையியலாளர் ஜார்ஜ் ஆர்ச்சிபால்டு, 1973இல் ரான் சௌவி என்பவருடன் சேர்ந்து விஸ்கான்சின் மாநிலத்தின் பராபூவில் சர்வதேசக் கொக்கு அறக்கட்டளையைத் தொடங்கியவர். 1976இல் டெக்ஸ் அங்கே கொண்டுவரப்பட்டது. கொக்குகள் இணை சேருமுன் நடனமாடும். குதிக்கும், இறக்கை விரிக்கும், தலை தாழ்த்தி வணங்கும், புல்லைப் பிடுங்கி மேலே எறியும். இந்த ஆட்டம் பெண் பறவையின் உடலை முட்டையிடும் நிலைக்குத் தயாராக்க உதவுகிறது. டெக்ஸுடன் ஆட ஆண் கொக்கு பயன்படாது என்பதால் ஆர்ச்சிபால்டே ஆடினார். வசந்த காலங்களில் அதன் அருகிலேயே கொட்டகையில் தங்கி, கையை விரித்துக் குதித்து, புல்லை எறிந்து அதனுடன் ஆடினார். டெக்ஸ் முட்டையிட்டது. செயற்கை முறையில் கருவூட்டினார்கள். பல தோல்விகளுக்குப் பிறகு 1982இல் ஒரு குஞ்சு உயிருடன் பொரிந்தது. அதற்கு ஜீ விஸ் என்று பெயரிட்டார்கள்.

அதே ஆண்டில், குஞ்சு பொரிந்த சில வாரங்களில், ரக்கூன்கள் புகுந்து டெக்ஸைக் கொன்றுவிட்டன. ஜீ விஸ் வளர்ந்து பல குஞ்சுகளுக்குத் தந்தையானது. ஒரு மனிதர் கொக்காக நடித்ததால் ஒரு வம்சம் மிஞ்சியது. ஆனால் எல்லாக் கொக்குகளுக்கும் இப்படி ஆட முடியாது. மனிதரை மனிதர் என்று அறியாத வகையில் குஞ்சுகளை வளர்ப்பதே வழி என்ற முடிவுக்கு அறக்கட்டளை வந்தது.

வெள்ளை அங்கி

1980களில் ராபர்ட் ஹோர்விச் என்பவர் அந்த அறக்கட்டளையில் சாண்ட்ஹில் குஞ்சுகளை வைத்து ஒரு முறையை உருவாக்கினார். வளர்ப்பவர் தலை முதல் கால்வரை மறைக்கும் தளர்ந்த அங்கி அணிவார். முகம் தெரியாது. ஒரு கையில் கொக்கின் தலையைப் போன்ற பொம்மை இருக்கும். அதன் அலகால்தான் குஞ்சுக்கு உணவைக் காட்டுவார். குஞ்சு அருகே இருக்கையில் பேசுவதே கிடையாது. தாய்க் கொக்கின் அழைப்பொலி பதிவுசெய்யப்பட்டு ஒலிக்கவிடப்படும். வளர்ந்த கொக்குகளைக் குஞ்சுகள் கண்ணால் பார்க்குமாறு அருகில் வைப்பார்கள்.

இம்முறையில் வளர்ந்த கூவும் கொக்குகள் தம் இனத்தையே இணையாகத் தேடின. முதற்பதிவுச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் அடுத்த சிக்கல் உடனே வந்தது. 1993இல் ஃபுளோரிடாவில் இடம்பெயராத கூட்டம் ஒன்றை உருவாக்கப் பறவைகளை விட்டபோது, தொடக்கத்தில் பலவற்றைப் பாப்கேட் என்னும் காட்டுப்பூனைகள் தின்றுவிட்டன. காட்டுக் கொக்கு இரவில் ஆழமில்லாத நீரில் நின்று உறங்கும். நீரைக் கலக்காமல் எந்த விலங்கும் அதை நெருங்க முடியாது. இந்தக் குஞ்சுகளுக்கு அதைச் சொல்லித்தர யாரும் இல்லை. அவை தரையிலேயே உறங்கின. பின்னர் தண்ணீர் உள்ள பட்டிகளில் வைத்து அந்தப் பழக்கத்தை ஏற்படுத்திய பிறகே இழப்பு குறைந்தது.

விமானத்தின் பின்னால்

இடம்பெயரும் கூட்டம் ஒன்றை உருவாக்குவது இன்னும் கடினம். பல பாடும் பறவைகள் வழியைப் பிறவியிலேயே அறிந்து, தனியாகவே இரவில் பறக்கின்றன. கொக்குக்குப் பறக்க வேண்டும் என்ற உந்துதல் பிறவியில் உண்டு. எங்கே போவது, எங்கே இறங்குவது என்பவற்றைப் பெற்றோருடன் பறந்துதான் கற்க வேண்டும். பெற்றோரே இல்லாத இடத்தில் என்ன செய்வது?

விடை ஒரு சிற்பியிடமிருந்து வந்தது. கனடாவின் ஒன்டாரியோவில் வாழ்ந்த பில் லிஷ்மன் 1988இல் தன் சிறிய இலகு விமானத்தின் பின்னால் கனடா வாத்துகளைப் பறக்கப் பழக்கினார். 1993இல் அவரும் ஜோ டஃப்பும் 18 வாத்துகளை ஒன்டாரியோவிலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்கு அழைத்துச் சென்றார்கள். அடுத்த வசந்தத்தில் அவற்றில் பெரும்பாலானவை யாரும் அழைக்காமல் தாமாகவே திரும்பின. ஒருமுறை போய் வந்தால் போதும், வழி மனதில் நின்றுவிடுகிறது என்பது உறுதியாயிற்று. 1996இல் வெளிவந்த ‘ஃப்ளை அவே ஹோம்’ என்னும் ஆங்கிலத் திரைப்படம் இதைத் தழுவியதே.

லிஷ்மனும் டஃப்பும் தொடங்கிய ஆபரேஷன் மைக்ரேஷன் அமைப்பு, 2000இல் சாண்ட்ஹில் கொக்குகளுடன் ஒத்திகை பார்த்தது. 2001இல் கூவும் கொக்குகளின் முறை வந்தது. முட்டைக்குள் இருக்கும்போதே குஞ்சுகளுக்கு விமான இயந்திரத்தின் ஒலி கேட்கவைக்கப்பட்டது. பொரிந்த பிறகு, அங்கி அணிந்தவர் ஓட்டும் விமானத்தின் பின்னால் தரையில் ஓடப் பழகின. அக்டோபரில் விஸ்கான்சினின் நெசிடா சரணாலயத்திலிருந்து புறப்பட்ட கூட்டம், சுமார் 1950 கிலோமீட்டர் கடந்து டிசம்பரில் ஃபுளோரிடாவின் சசஹொவிட்ஸ்கா சரணாலயத்தை அடைந்தது. புறப்பட்டவை 8, வந்து சேர்ந்தவை 7. அந்தக் குளிர்காலத்தில் இரண்டைக் காட்டுப்பூனைகள் கொன்றன. மீதி 5 பறவைகளும் 2002 வசந்தத்தில் வழிகாட்டி எதுவுமின்றி விஸ்கான்சினுக்குத் திரும்பின.

அதன் பிறகு ஆண்டுதோறும் புதிய குஞ்சுகள் இவ்வாறு பறந்தன. இழப்புகளும் இருந்தன. 2007 பிப்ரவரியில் ஒரே இரவில் வீசிய புயலில், ஃபுளோரிடாப் பட்டியில் இருந்த 18 இளம் பறவைகளில் 17 இறந்தன.

முதியவர் இருக்கும் கூட்டம்

இந்தப் பறவைகளின் காலில் அடையாள வளையங்களும் ஒலிபரப்பிகளும் இருந்ததால், ஒவ்வொரு பறவையின் வயதும் பெற்றோரும் பயணங்களும் பதிவாகின. இப்படி ஒரு தரவு எந்தக் காட்டுப் பறவைக் கூட்டத்திலும் எளிதில் கிடைக்காது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் தாமஸ் முல்லரும் குழுவினரும் எட்டு ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்து, 2013இல் ‘சயன்ஸ்’ இதழில் முடிவை வெளியிட்டனர்.

தனியாகவோ சம வயதினருடனோ பறக்கும் ஒரு வயதுப் பறவைகள் நேர்ப்பாதையிலிருந்து சராசரியாக 97 கிலோமீட்டர் விலகின. மூத்த பறவைகளுடன் பறந்தபோது விலகல் 64 கிலோமீட்டருக்கும் குறைந்தது. ஏழு வயதுப் பறவை ஒன்று இருந்த கூட்டம், ஒரு வயதுப் பறவைகள் மட்டும் உள்ள கூட்டத்தைவிட 38 விழுக்காடு குறைவாகவே வழி விலகியது. கூட்டத்தில் எத்தனை பறவைகள் என்பதோ, அவை இரத்த உறவா என்பதோ முக்கியமாக இல்லை. கூட்டத்தில் மூத்த பறவையின் வயது எவ்வளவு என்பதே முக்கியமாக இருந்தது. 2016இல் வெளிவந்த தொடர் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. தட்பவெப்பமும் நிலப் பயன்பாடும் மாறியபோது, வடக்கே நெருக்கமான புதிய குளிர்கால இடங்களைக் கண்டுபிடித்தவை மூத்த பறவைகளே. இளையவை அவற்றைப் பின்பற்றின. பழைய வழியைக் காப்பவையும் புதிய வழியைக் காண்பவையும் முதியவைகளே என்பது கவனிக்கத்தக்கது.

கூட்டை விட்டு எழுந்தவை

இவ்வளவும் ஆன பிறகு, எல்லாம் கைகூடிவிட்டதாகவே தோன்றியது. 2006இல் இந்தக் கூட்டத்தின் ஓர் இணை நெசிடாவில் இரண்டு குஞ்சுகள் பொரித்து, அவற்றில் ஒன்றைப் பறக்கும்வரை வளர்த்தது. ஆனால் பெரும்பாலான இணைகள் அடைகாக்கும் நடுவிலேயே கூட்டை விட்டு எழுந்து போயின.

காரணம் தேடியபோது கருஞ்சிற்றீக்கள் அகப்பட்டன. வசந்தத்தில் நெசிடாவின் ஓடைகளிலிருந்து பெருந்திரளாக எழும் இந்த ஈக்கள் அடைகாக்கும் பறவையின் தலையை மொய்த்து இரத்தம் குடிக்கின்றன. 2011, 2012 ஆண்டுகளில், ஈயின் புழுக்களை மட்டும் கொல்லும் ஒரு பாக்டீரியாப் பொருளை ஓடைகளில் இட்டுச் சோதித்தனர். பறவைகள் கூட்டில் தங்குவது அதிகரித்தது. புதிய பறவைகளை ஈக்கள் குறைந்த கிழக்கு விஸ்கான்சின் சதுப்புகளில் விடவும் தொடங்கினர்.

ஆயினும் பொரிந்த குஞ்சுகள் பெரும்பாலும் பறக்கும் முன்பே இறந்தன. 2001 முதல் 15 ஆண்டுகளில் ஏறத்தாழ 250 பறவைகள் விடப்பட்டன. அவற்றில் 2016 தொடக்கத்தில் உயிருடன் இருந்தவை நூற்றுக்கும் குறைவு. அவை தாமாக வளர்த்துப் பறக்கவிட்ட குஞ்சுகளோ சுமார் 10 மட்டுமே. ஈக்கள் மட்டும் இதற்கு விளக்கமாகா. அங்கி அணிந்த மனிதரால் வளர்க்கப்பட்ட பறவைக்குக் குஞ்சு வளர்க்கும் கலை முழுமையாக வரவில்லையோ என்ற ஐயம் எழுந்தது. தாய் எப்படிக் குஞ்சைக் காவல் காக்கும், பகை விலங்கு வந்தால் என்ன செய்யும் என்பதை அந்தப் பறவை தன் சிறுவயதில் பார்த்ததே இல்லை.

2016 ஜனவரியில் அமெரிக்க மீன் மற்றும் வன உயிர்ச் சேவை, அந்தப் பருவத்துடன் விமானப் பயணங்களை நிறுத்துவதாக அறிவித்தது. 2018இல் ஆபரேஷன் மைக்ரேஷன் கலைக்கப்பட்டது. பல ஆண்டுகள் குளிரிலும் காற்றிலும் பறந்த தன்னார்வலர்களுக்கு இது வருத்தமான முடிவு. ஆனால் நடத்தையியலின் நோக்கில் நியாயமற்றது என்று சொல்வதற்கில்லை. இப்போது, வளர்ப்பிடத்தில் உள்ள மூத்த கொக்குகளே குஞ்சுகளை வளர்க்கும் முறைக்கு முக்கியத்துவம் தரப்படுகிறது. இலையுதிர்காலத்தில் அந்தக் குஞ்சுகளைக் காட்டுக் கொக்கு இணைகளின் அருகே விடுகிறார்கள். மூத்த இணை ஒன்று அதைச் சேர்த்துக்கொண்டால் தெற்கே அழைத்துச் செல்லும். விமானம் செய்த வேலையைக் கொக்கே செய்கிறது. விமானத்தால் முடியாததையும் அது கற்றுக்கொடுக்கக்கூடும் என்பது நம்பிக்கை. இந்த வழிகாட்டிகளில் முதல் தலைமுறைக்கு வழி காட்டியது விமானம்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

இதற்கிடையே, எவரும் அங்கி அணிந்து வளர்க்காத அந்தப் பழைய காட்டுக் கூட்டம், வாழிடமும் வழித்தடமும் காக்கப்பட்டதாலேயே வளர்ந்தது. 1941இல் 15, 16 பறவைகள் என்று இருந்த அரன்சாஸ் கூட்டம், 2017-18 குளிர்காலக் கணக்கெடுப்பில் முதன்முறையாக 500ஐத் தாண்டியது. அங்கே கற்றுக்கொடுக்கும் சங்கிலி ஒருமுறையும் அறுபடவில்லை.

கொக்குக்கு அப்பால்

மூத்தவை இல்லாத கூட்டத்தில் இளையவை தடுமாறுவது கொக்குக்கு மட்டும் உரியதன்று. கலிபோர்னியா காண்டர் என்னும் பெரிய கழுகினத்தில் 1987இல் மிஞ்சியவை 27. எல்லாமே பிடித்து வைக்கப்பட்டவை. பொம்மைத் தலையால் ஊட்டி வளர்க்கப்பட்ட இளம் பறவைகளை 1992இல் விடத் தொடங்கியபோது, அவை மின்கம்பங்களில் அமர்ந்து இறந்தன. மனிதர் இருக்கும் இடங்களைத் தேடிச் சென்றன. போலி மின்கம்பத்தில் அமர்ந்தால் சிறிய அதிர்ச்சி தருமாறு அமைத்து, அவற்றைக் கம்பங்களிலிருந்து விலகப் பழக்கினார்கள். பின்னர் இளம் பறவைகளுடன் ஒரு வளர்ந்த காண்டரையும் வைத்து, கூட்டத்தில் நடந்துகொள்ளும் முறையைக் கற்கச் செய்தார்கள்.

தென்னாப்பிரிக்காவின் பிலனெஸ்பெர்க் பூங்காவில் நடந்தது இன்னும் திகைப்பூட்டுவது. குரூகர் பூங்காவில் யானைகளின் எண்ணிக்கையைக் குறைக்கப் பெரியவற்றைச் சுட்டுவிட்டு, அனாதையான குட்டிகளை அங்கே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அவை வளர்ந்ததும் ஆண் யானைகளுக்கு இளவயதிலேயே, நீண்ட காலத்துக்கு மதம் பிடித்தது. 1992க்கும் 1997க்கும் இடையே 40க்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களை அவை கொன்றன. 1998இல் குரூகரிலிருந்து ஆறு மூத்த ஆண் யானைகளைக் கொண்டுவந்தார்கள். பெரிய ஆண் யானையின் முன்னே இளையவற்றின் மதம் அடங்கியது; கொலைகளும் நின்றன.

இந்தியாவுக்கும் இதில் ஓர் இழப்பு உண்டு. சைபீரியாவிலிருந்து ராஜஸ்தானின் பரத்பூருக்குக் குளிர்காலந்தோறும் வந்துகொண்டிருந்த சைபீரியக் கொக்குகள், 2001-02 குளிர்காலத்துக்குப் பிறகு அங்கே காணப்படவில்லை. பரத்பூர் சதுப்பு இன்றும் இருக்கிறது. சைபீரியக் கொக்கு இனமும் சீனாவில் குளிர்காலத்தைக் கழிக்கும் பெரிய கூட்டமாக வாழ்கிறது. அழிந்தது அந்த வழியை அறிந்த பறவைகள். அவற்றுடன் வழியும் போயிற்று. வளர்ப்புக் குஞ்சுகளைக் கொண்டுவந்து பரத்பூரில் விட்டால் மட்டும் அவை சைபீரியாவுக்குப் போய்த் திரும்பிவிடா.

முடிவாக

ஓர் இனத்தில் எத்தனை தலைகள் எஞ்சியுள்ளன என்பதைக் கொண்டே நாம் அதன் நிலையை மதிப்பிடுகிறோம். அந்த எண் தேவையானது. ஆனால் 50 இளம் பறவைகள் உள்ள கூட்டமும், பத்து முதியவை உள்பட 50 பறவைகள் உள்ள கூட்டமும் ஒன்றல்ல. மிகப் பெரிய தந்தத்துக்காக மிக மூத்த யானையைக் கொல்பவன் ஒரு யானையை மட்டும் கொல்வதில்லை. நீர் எங்கே உண்டு என்று அறிந்ததையும் சேர்த்துக் கொல்கிறான்.

ஆகவே, ஒரு விலங்கை மீண்டும் காட்டில் விடத் திட்டமிடுவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் எளிமையானவை. இது எதைப் பிறவியிலேயே அறிந்திருக்கிறது? எதைத் தாயிடம் கற்கிறது? எதைக் கூட்டத்தின் மூத்தவற்றிடம் கற்கிறது? அந்த மூத்தவை இப்போது எங்கே? கடைசிக் கேள்விக்கு விடை இருக்கும்வரை, விமானமும் அங்கியும் பொம்மையும் தேவைப்படாது. விடை இல்லாமல் போனபின் அவற்றைக்கொண்டு என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது என்பதை விஸ்கான்சின் சதுப்பில் இன்று வாழும் நூற்றுக்கும் குறைவான அந்த வெள்ளைப் பறவைகள் காட்டிக்கொண்டிருக்கின்றன.